இரண்டாவது லைன் வாங்கிய கதை

ராத்திரி ஒன்பதரை. ஆன்லைன் ஷூட்டிங் கேமில் கடைசி வட்டம் சுருங்கிக்கொண்டிருக்கிறது. எங்கள் டீமில் நான் ஒருத்தன்தான் மிச்சம். எதிரி சுவரோரமாகக் குனிந்து போவது தெரிந்தது. குறி வைத்துச் சுட்டேன். ஏழெட்டுக் குண்டுகள் நேராக அவன் மேல்தான் போயின, ஆனால் ஒன்றும் ஆகவில்லை. திரை ஒரு கணம் உறைந்தது. மறுபடி நகர்ந்தபோது தரையில் கிடந்தது நான். மூலையில் எப்போதும் 38 என்று பச்சையில் நிற்கும் பிங் (கேம் சர்வருக்குப் போய் வர ஆகும் மில்லி செகண்ட்), 412 என்று சிவந்திருந்தது.

ஒரு மாதமாக இதே பாடுதான். காலையிலோ மதியத்திலோ ஆடினால் ஒரு குறையும் இருக்காது. ராத்திரி எட்டரை தாண்டினால் போதும், என் ஆள் நாலடி முன்னால் போய் மூன்றடி பின்னால் இழுபடுவான். ரப்பர்பேண்டிங் என்பார்கள். இடுப்பில் ரப்பரைக் கட்டி யாரோ இழுக்கிற மாதிரியே இருக்கும், பெயர் வைத்தவன் அனுபவித்துத்தான் வைத்திருக்க வேண்டும். ஸ்பீடு டெஸ்ட் போட்டால் டவுன்லோடு 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு இத்தனை மெகாபிட்), அப்லோடு 20 என்று சொன்ன சொல் தவறாமல் வரும். கஸ்டமர் கேருக்குப் போன் செய்தால், "ஸ்பீடு சரியாத்தானே சார் வருது?" என்பார்கள். அதில் பொய்யும் இல்லை.

அப்போதுதான் அந்த அருமையான யோசனை வந்தது. ஒரு குழாயில் தண்ணீர் போதவில்லை என்றால் இன்னொரு குழாய் போட வேண்டியதுதானே? வேறொரு நிறுவனத்திடமிருந்து இன்னொரு இன்டர்நெட் லைன் வாங்கிவிடலாம். நூறும் நூறும் இருநூறு, பிங் பாதியாகிவிடும். கணக்கில் எங்கே ஓட்டை என்று அன்றைக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள ஏறக்குறைய இரண்டு மாதம் ஆனது.

புது லைன் வந்த அன்றைக்கே பழையதை லேன் கேபிளிலும் புதியதை வைஃபையிலும் கம்ப்யூட்டரோடு இணைத்துவிட்டு ஆட உட்கார்ந்தேன். ஒரு மாற்றமும் இல்லை. எட்டே முக்காலுக்கு அதே சிவப்பு எண். பிறகு தேடிப் படித்தபோதுதான் புரிந்தது, விண்டோஸ் இரண்டு இணைப்பையும் சேர்த்துக் கலக்குவதே இல்லை. எந்த வழியாக வெளியே போவது என்று அது ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. ஒவ்வொரு வழிக்கும் மெட்ரிக் என்று ஓர் எண் உண்டு. எந்த வழிக்கு எண் குறைவோ அதில்தான் எல்லாம் போகும், மற்றது கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கமாண்ட் பிராம்ப்ட்டில் 'ரூட் பிரின்ட்' என்று அடித்தால் பட்டியலைப் பார்க்கலாம். பெரும்பாலும் கேபிளுக்குத்தான் குறைந்த எண் கிடைக்கும். ஆக, அன்று ராத்திரி முழுக்கப் புது லைன் வழியாக ஒரு பாக்கெட்கூட, அதாவது ஒரு துண்டு டேட்டாகூடப் போகவில்லை.

சரி, புது லைனுக்கு எண்ணைக் குறைத்து வைப்போம் என்று போனால் அடுத்த சிக்கல். இரண்டு ரவுட்டருக்கும் முகவரி 192.168.1.1. இரண்டும் அதே வரிசையில்தான் வீட்டிலுள்ள கருவிகளுக்கு எண் கொடுத்துக்கொண்டிருந்தன. ஒரே தெருவில் ஒரே கதவு எண்ணோடு இரண்டு வீடு இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? புது ரவுட்டரின் செட்டிங்ஸைத் திறக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, பழையதின் லாகின் பக்கத்தில் புதியதின் பாஸ்வேர்டை அரை மணி நேரம் அடித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் கேபிளைக் கழற்றிவிட்டு, புது ரவுட்டரை 192.168.2.1 என்று மாற்றிய பிறகுதான் தெளிந்தது. இரண்டு லைன் வைக்கிறவர்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் இதைச் செய்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை, செய்யாவிட்டால் ஒரு நாள் போய்விடும்.

அடுத்து டூயல் வேன் ரவுட்டர், அதாவது வெளி இணைப்புக்கு இரண்டு துளை உள்ளது, ஒன்று வாங்கினேன். லோடு பேலன்சிங் என்று ஒரு பட்டன் இருந்தது. பெயரே நம்பிக்கை தந்தது, போட்டுவிட்டேன். அந்த வாரம் முன்னைவிட மோசம். கேம் லாகின் ஆகும், மேட்ச் தேடும், உள்ளே போகிற நேரத்தில் வெளியே தள்ளும். வாய்ஸ் சாட்டில் நான் பேசுவது அவர்களுக்குக் கேட்கும், அவர்கள் பேசுவது எனக்குக் கேட்காது. அப்பா பேங்க் பக்கத்தைத் திறந்தால் இரண்டு நிமிடத்தில் 'மீண்டும் உள்நுழையவும்' என்று வரும். "நீ என்னமோ புதுசா மாட்டினதுலருந்துதான்டா இப்படி" என்றார். மறுக்க முடியவில்லை.

காரணம் எளிது. லோடு பேலன்சிங் என்பது பாரத்தைப் பங்கிடுவது, ஆனால் பங்கிடுவது இணைப்பு இணைப்பாக. ஒரு டவுன்லோடு இந்த லைனில், இன்னொன்று அந்த லைனில் என்று பிரித்து அனுப்பும். ஒரே இணைப்பை உடைத்து இரண்டிலும் பாதிப் பாதி அனுப்பாது. ஊருக்கு இரண்டு பஸ் நின்றாலும் ஒரு பயணி ஒன்றில்தானே ஏற முடியும்? அதோடு இரண்டு லைனுக்கும் வெளியுலகில் இரண்டு வெவ்வேறு ஐபி முகவரி. லாகின் ஒரு முகவரியிலிருந்து, ஆட்டம் இன்னொன்றிலிருந்து, பேச்சு எதிலிருந்தோ என்று போனால் எதிர்ப்பக்கம் இருக்கிற சர்வர் 'யாரடா நீ' என்று கேட்கத்தான் செய்யும். ஒரே கருவியின் போக்குவரத்தை ஒரே லைனில் ஒட்டிவைக்கும் வசதி இந்த ரவுட்டர்களில் இருக்கிறது. எனக்கு அது அப்போது தெரியாது.

இந்த இடத்தில்தான் என் குழாய்க் கணக்கின் ஓட்டையும் தெரிந்தது. இரண்டு குழாய் இருந்தால் குடம் சீக்கிரம் நிறையும், சரி. ஆனால் தொட்டியில் திறந்துவிட்ட தண்ணீர் குழாய் வாய்க்கு வந்து சேர ஆகும் நேரம் குறையாது. எம்பிபிஎஸ் குடம் நிறைகிற கணக்கு, பிங் வந்து சேர்கிற கணக்கு. ஆட்டத்துக்கு வேண்டியது இரண்டாவதுதான். பெரும்பாலான ஷூட்டிங் கேம்களுக்கு ஒரு எம்பிபிஎஸ்கூட முழுசாகத் தேவைப்படாது. நான் எங்கே நிற்கிறேன், எந்தப் பக்கம் பார்க்கிறேன், சுட்டேனா என்று சின்னச் சின்னப் பாக்கெட்டுகள்தான். ஆனால் அவை சீராகப் போய் வர வேண்டும். வேலரண்ட் என்கிற ஷூட்டிங் கேமின் சர்வர் ஒரு நொடிக்கு 128 முறை களத்தைப் புதுப்பிக்கிறது, அதாவது எட்டு மில்லி செகண்டுக்குள் ஒரு தடவை. என் பாக்கெட் ஒன்று 400 மில்லி செகண்ட் தாமதமாகப் போனால், அதற்குள் அங்கே ஐம்பது தடவை உலகம் மாறிவிட்டிருக்கும். குண்டுகள் பட்டும் எதிரி சாகாத மர்மம் இதுதான்.

லோடு பேலன்சிங்கை அணைத்துவிட்டு ஒரு வேலை செய்தேன். அதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். பழைய லைனில் மட்டும் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, கமாண்ட் பிராம்ப்ட்டின் மூன்று கருப்பு ஜன்னல்களைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்தேன். மூன்றிலும் பிங் கட்டளை. அதோடு ஒரு கோடும் டி என்ற எழுத்தும் சேர்த்தால் நாம் நிறுத்தும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். முதல் ஜன்னல் என் ரவுட்டருக்கு. இரண்டாவது, ரவுட்டரைத் தாண்டியதும் வருகிற நிறுவனத்தின் முதல் கருவிக்கு. அதன் முகவரியை, பாக்கெட் போகும் வழியைக் காட்டும் 'டிரேசர்ட்' கட்டளை போட்டுப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம். மூன்றாவது, கூகுளின் பொது சர்வரான 8.8.8.8க்கு. எட்டு மணிக்கு ஓடவிட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் ஜன்னல் ஒரு மில்லி செகண்டுக்குக் கீழே, கல் மாதிரி அசையாமல். இரண்டாவது 4, 4, 5, 4. மூன்றாவது 30 பக்கம். எட்டு நாற்பது வரைக்கும் இப்படியே போயிற்று. திடீரென்று இரண்டாவதில் 4, 5, 61, 190, 344, 388, 402. மூன்றாவதும் கூடவே ஏறியது. முதல் ஜன்னல் மட்டும் ஒன்றுமே நடக்காத மாதிரி. ஆக, கம்ப்யூட்டருக்கும் ரவுட்டருக்கும் நடுவில் பிரச்சினை இல்லை. தூரத்து கேம் சர்வரும் காரணம் இல்லை. ரவுட்டருக்கும் நிறுவனத்தின் முதல் கருவிக்கும் இடைப்பட்ட அந்த ஒரு துண்டில்தான் ஏதோ அடைக்கிறது. அது அவர்கள் பக்கத்து நெரிசலாகவும் இருக்கலாம், எங்கள் வீட்டிலிருந்து போகிற எதுவாகவும் இருக்கலாம். வீட்டுக் கருவிகளை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

டிவி. மாற்றமில்லை. அப்பாவின் போன். மாற்றமில்லை. தங்கையின் போன் சார்ஜில் கிடந்தது. எடுத்து வைஃபையை அணைத்தேன். ஒரு நொடி, இரண்டாவது ஜன்னலில் 4. மறுபடி போட்டேன். 370. மறுபடி அணைத்தேன். 5.

"என் போனை ஏன் நோண்டுற? நான் ஒண்ணும் பண்ணல" என்றாள். அவள் பண்ணவில்லைதான். காலேஜ் வேலைக்காகப் பகலெல்லாம் வீடியோ எடுப்பாள். எட்டரைக்கு வீட்டுக்கு வந்து சார்ஜில் போட்டதும், 'சார்ஜ் இருக்கு, வைஃபை இருக்கு, இப்ப ஏத்திடலாம்' என்று போனே கிளவுடுக்கு அனுப்ப ஆரம்பிக்கும். ஒரு ஜிபி வீடியோ, 20 எம்பிபிஎஸ் அப்லோடில் ஏறி முடிக்க ஏழு நிமிடமாவது ஆகும். நாலைந்து வீடியோ என்றால் அரை மணி நேரம். என் ரேங்க் போன நேரங்களை நினைவுபடுத்திப் பார்த்தேன், பொருந்தி வந்தது.

ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. 20 எம்பிபிஎஸ்ஸையும் அவள் போனே எடுத்துக்கொண்டாலும், என் துளியூண்டு பாக்கெட்டுக்கு ஏன் 400 மில்லி செகண்ட்? மோடத்திலும் ரவுட்டரிலும் வெளியே போகக் காத்திருக்கும் பாக்கெட்டுகளுக்கு ஒரு வரிசை உண்டு. எதுவும் தொலைந்துவிடக் கூடாது என்று அந்த வரிசைக்குப் பெரிய இடம் ஒதுக்கிவிடுகிறார்கள். அதில் ஒரு மெகாபைட் நிறைந்து நின்றால், 20 எம்பிபிஎஸ் வேகத்தில் அது காலியாக 400 மில்லி செகண்ட் ஆகும். என் பாக்கெட் அந்த வரிசையின் கடைசியில் போய் நிற்கிறது. கையில் ஒரே ஒரு கடிதத்தோடு வந்தவன், மூட்டை மூட்டையாகப் பார்சல் வைத்திருப்பவர் பின்னால் நிற்கிற நிலைமை. இதற்கு பஃபர்ப்ளோட் என்று பெயர். 2010 வாக்கில் ஜிம் கெட்டிஸ் என்கிற பொறியாளர் தன் வீட்டு இணைப்பில்தான் இதைப் பிடித்தார். வீட்டிலிருந்து பெரிய கோப்புகளை அனுப்பிக்கொண்டிருந்தபோது தாமதம் தாறுமாறாக ஏறுவதைப் பார்த்து நோண்டியிருக்கிறார். எனக்குத் தங்கை, அவருக்கு அவரே.

மருந்தும் இருக்கிறது. 2012இல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் கோடெல் என்ற முறையை வெளியிட்டார்கள். வரிசை எவ்வளவு நீளம் என்று பார்க்காமல், ஒரு பாக்கெட் எவ்வளவு நேரம் நின்றது என்று பார்த்து நெரிசலைக் குறைப்பது அதன் வழி. அதன் அடுத்த வடிவமான எஃப்கியூ கோடெல், ஒவ்வொரு இணைப்புக்கும் தனி வரிசை வைத்து மாற்றி மாற்றி விடும். அங்கே கடிதக்காரனுக்குத் தனி ஜன்னல் கிடைத்துவிடுகிறது. கேக் என்று இன்னொன்றும் உண்டு, 2018இல் லினக்ஸ் கெர்னலில் சேர்ந்தது. ரவுட்டரில் இவையெல்லாம் எஸ்கியூஎம் என்ற பெயரில் கிடைக்கும். ஓப்பன்டபிள்யூஆர்டி என்கிற ரவுட்டர் மென்பொருளைப் போட முடிகிற ரவுட்டர் என்றால் இலவசமாகவே போட்டுக்கொள்ளலாம். சில கேமிங் ரவுட்டர்களில் எதற்கு முன்னுரிமை என்று வைக்கிற க்யூஓஎஸ் என்று ஒரு பக்கம் இருக்கும், ஆனால் எல்லா க்யூஓஎஸ்ஸும் இதைச் செய்வதில்லை.

எஸ்கியூஎம்மில் முக்கியமானது ஒரே ஒரு விஷயம். வேகத்தை உள்ளதைவிடச் சற்றுக் குறைத்துக் கொடுக்க வேண்டும். நான் டவுன்லோடு 90, அப்லோடு 18 என்று வைத்தேன். முழு நூறு, முழு இருபது வைத்தால் வரிசை மறுபடியும் மோடத்துக்குள்ளே போய் நின்றுவிடும், நம் கட்டுப்பாட்டில் இருக்காது. பத்து சதவீதத்தைத் தியாகம் செய்து, வரிசையை நம் ரவுட்டருக்குள் இழுத்துவைத்துக்கொள்கிறோம். ரவுட்டர் பழையது என்றால் அதன் சிப் இந்த வேலைக்குத் திணறி வேகம் பாதியாகிவிடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். தங்கையின் போன் அப்லோடு ஓடும்போதே ஒரு மேட்ச் ஆடினேன். பிங் 38, 41, 44, 40. அன்றைக்கு நான் எதிரியைப் பார்த்ததைவிட அந்த மூலையைப் பார்த்ததுதான் அதிகம்.

அப்படியானால் இரண்டாவது லைன் தண்டமா? பாதித் தண்டம். இந்த ஒரு பிரச்சினைக்கு மட்டும் என்றால் வாங்கியிருக்கவே வேண்டாம். ஆனால் கையில் இருக்கிறதே என்று வேறு சில சோதனைகள் செய்தபோது, அதற்கு உண்மையாகவே ஒரு பயன் இருப்பது தெரிந்தது. நான் நினைத்த பயன் அல்ல.

நான் ஆடுவது இரண்டு கேம். முதல் கேமின் சர்வருக்குப் பழைய லைனில் 38, புதியதில் 61. இரண்டாவது கேமுக்குத் தலைகீழ்: பழையதில் 74, புதியதில் 49. சர்வர் அதேதான், வீடும் அதேதான். ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் எந்த நிறுவனத்தோடு எந்த ஊரில் கைகோர்த்திருக்கிறது என்பதைப் பொறுத்துப் பாதை மாறுகிறது. கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். 23 மில்லி செகண்ட் வித்தியாசத்தை முழுக்கத் தூரமாகக் கணக்கிட்டால் போக வர 4,600 கிலோமீட்டர் கூடுதல் சுற்று. நெரிசலுக்குக் கொஞ்சம் கழித்துக்கொண்டாலும், அந்தப் பாக்கெட் எங்கேயோ சுற்றுலா போய்த்தான் வருகிறது. இதை எந்த எஸ்கியூஎம்மும் சரி செய்ய முடியாது. இரண்டு லைன் இருந்தால் நல்ல பாதையை நாமே தேர்ந்தெடுக்கலாம். ஆகவே இரண்டாவது லைன் வாங்க நினைப்பவர், முதலில் அந்த நிறுவனத்தின் இணைப்பு வைத்திருக்கும் நண்பர் வீட்டில் போய் நீங்கள் ஆடுகிற கேமைத் திறந்து பிங் பாருங்கள். விளம்பரத்தில் இருக்கிற எம்பிபிஎஸ் இதைச் சொல்லாது.

இப்போது என் ரவுட்டரில் ஏற்பாடு இதுதான். கேம் ஆடும் கம்ப்யூட்டருக்கு நிலையான உள் முகவரி ஒன்று. அந்த முகவரியிலிருந்து போவதெல்லாம் பழைய லைன், வீட்டில் மற்ற எல்லாம் புதிய லைன். இரண்டாவது கேம் ஆடும்போது இரண்டையும் திருப்பிப் போடுவேன். சொல்ல எளிது. நடைமுறைக்கு வந்தபோது இரண்டு இடத்தில் இடறினேன். முதலாவது டிஎன்எஸ், அதாவது தளத்தின் பெயரைக் கேட்டு அதன் ஐபி முகவரியைச் சொல்கிற சேவை. ஒரு நிறுவனத்தின் டிஎன்எஸ் சர்வர், இன்னொரு நிறுவனத்தின் லைன் வழியாகக் கேட்டால் பெரும்பாலும் பதில் தராது. அதனால் பக்கங்கள் திறக்காமல் நிற்கும். 1.1.1.1 அல்லது 8.8.8.8 மாதிரி பொதுவானதை வைத்துவிட்டால் தீர்ந்தது. இரண்டாவது ஐபிவி6, அதாவது ஐபி முகவரியின் புதிய வகை; பழைய வகை ஐபிவி4. நான் எழுதிய விதி ஐபிவி4க்கு மட்டும். பழைய லைனில் மட்டும் ஐபிவி6 இருந்தது. வீட்டுக் கருவிகள் எல்லாம் விதியைச் சட்டை செய்யாமல் ஐபிவி6 வழியாகப் பழைய லைனிலேயே போய்க்கொண்டிருந்தன. இரண்டு வாரம் கழித்துத் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தேன். விதி போட்டதும், என் ஐபி என்ன என்று காட்டும் பக்கம் ஒன்றை ஒவ்வொரு கருவியிலும் திறந்து எந்த லைன் முகவரி வருகிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

ஒரு லைன் செத்தால் மற்றதுக்குத் தானாக மாறும் வசதியையும் பெரிதாக நம்பியிருந்தேன். மேட்ச் நடுவில் வேண்டுமென்றே பழைய லைன் கேபிளைப் பிடுங்கிப் பார்த்தேன். டீமில் இருந்தவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான். துளையில் கேபிளே இல்லை என்றால் ரவுட்டர் உடனே உணர்ந்துவிடும், வினாடிக் கணக்கில் மாறியது. ஆனால் மோடத்துக்கு அப்பால், வெளியிலிருந்து வருகிற இழையைக் கழற்றியபோது இருபது வினாடி பிடித்தது. மோடம் உயிரோடு இருப்பதால் ரவுட்டர் எல்லாம் சரி என்றே நினைத்துக்கொண்டிருந்தது. அது விட்டுவிட்டு பிங் அனுப்பிச் சோதித்து, நாலைந்து முறை பதில் வராவிட்டால்தான் லைன் போய்விட்டது என்று முடிவு செய்யும். நிஜ வாழ்க்கையில் லைன் போவது பெரும்பாலும் இப்படித்தான். மாறிய பிறகும் ஐபி முகவரி வேறு, அதனால் கேம் துண்டித்துத்தான் மறுபடி சேர்த்தது. மீண்டும் இணைய விடுகிற கேம் என்றால் பிழைத்தோம். ஒரு ரவுண்டு போகும், மேட்ச் போகாது.

துண்டிப்பே தெரியாமல் மாற வேண்டும் என்றால் பாண்டிங் வேண்டும். வெளியே ஒரு சர்வர், அதுவரைக்கும் இரண்டு லைனிலும் சுரங்கம், அங்கிருந்து ஒரே ஐபியில் கேமுக்கு. ஸ்பீடிஃபை போன்ற விபிஎன்கள் இதைத்தான் செய்கின்றன. ஒவ்வொரு பாக்கெட்டையும் இரண்டு லைனிலும் ஒவ்வொரு நகல் அனுப்பி, முந்தி வந்ததை எடுத்துக்கொள்ளும் வழியும் உண்டு. லேகுக்கு, அதாவது இந்தத் தாமதத்துக்கு, உண்மையாகவே இரண்டு லைனையும் ஒரே நேரத்தில் பயன்படுத்துவது அது ஒன்றுதான். மாதச் சந்தா கட்டி ஒரு மாதம் அந்த வகையில் ஒன்றைப் பயன்படுத்திப் பார்த்தேன். கேபிளைப் பிடுங்கினால்கூடத் திரை அசையவில்லை, மாயம் மாதிரி இருந்தது. ஆனால் நடுவில் ஒரு சர்வர் நுழைந்ததால் என் 38, நிரந்தரமாக 52 ஆகிவிட்டது. சில கேம்கள் விபிஎன் முகவரியைக் கண்டாலே முகம் சுளிக்கும். லைவ் ஸ்ட்ரீம் செய்கிறவர்களுக்கு அது பெரிய வரம். எனக்கு, நல்ல நாளிலும் 14 மில்லி செகண்ட் அபராதம் கட்ட மனசில்லை.

ஒரு பாவத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆரம்பத்தில், லைன் வாங்கின ஜோரில், எங்கள் டீமில் ஒருத்தனையும் இரண்டாவது லைன் வாங்கச் சொன்னேன். வாங்கினான். ஒன்றும் மாறவில்லை. எனக்குக் கொஞ்சம் விவரம் தெரிந்த பிறகு, "மச்சான், உன் ரவுட்டருக்கே ஒரு பிங் போட்டுக் காட்டு" என்றேன். ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான்: 3, 2, 4, 118, 3, 2, 96. வீட்டுக்குள்ளேயே, இரண்டு சுவர் தாண்டுவதற்குள், நூறு மில்லி செகண்ட். வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடிக்கொண்டிருந்தது, காதில் ப்ளூடூத் ஹெட்செட், அதுவும் அதே அலைவரிசை. இருபது மீட்டர் லேன் கேபிள் ஒன்றைச் சுவரோரமாக இழுத்ததும் ஒரு மில்லி செகண்டுக்குக் கீழே வந்துவிட்டது. "இதை ரெண்டாவது லைனுக்கு முன்னாடி சொல்லியிருக்கலாமேடா" என்றான். கேபிள் இழுக்க முடியாத வீடு என்றால் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறி, ரவுட்டரை அதே அறைக்குக் கொண்டுவந்தாலே பாதி நோய் போய்விடும்.

இரண்டாவது லைன் எந்த வகை என்பதும் முக்கியம். இரண்டு ஃபைபர் லைன்களும் ஒரே கம்பத்தில் கட்டி வந்தால், கம்பத்தில் ஒரு லாரி இடித்தால் இரண்டும் சேர்ந்தே போகும். என்னுடையது அப்படித்தான், ஒரு தடவை போயும் போயிற்று. அதற்காக ஒன்றை மொபைல் இணைப்பாக வைத்தால் ஆபத்துக்கு உதவும், ஆனால் பிங் அதிகம், ஜிட்டரும், அதாவது பிங் ஏறி இறங்குவதும், அதிகம். ஆட்டத்துக்கு ஃபைபர், வீட்டுக்கு மொபைல் என்று பிரிப்பதில் தப்பில்லை. பூமிக்கு மேல் 35,786 கிலோமீட்டரில் நிற்கும் செயற்கைக்கோள் வழி வருகிற இணைப்பில் மட்டும் கை வைக்காதீர்கள். போய் வரவே ஏறக்குறைய அரை நொடி ஆகும், அது இயற்பியல்.

இன்னொன்று. டூயல் வேன் ரவுட்டரை நிறுவனங்களின் ரவுட்டருக்குப் பின்னால் அப்படியே மாட்டினால் நாட் (வீட்டுக் கருவிகள் எல்லாவற்றையும் ஒரே வெளி முகவரியில் அனுப்புகிற ஏற்பாடு) இரண்டு அடுக்காகிவிடும். கேம் 'நாட் டைப் ஸ்ட்ரிக்ட்' என்று முனகும், பார்ட்டி சாட் சேராது. அவர்கள் கருவியை பிரிட்ஜ் மோடில், அதாவது வெறுமனே கடத்திவிடுகிற நிலையில், போடச் சொல்லுங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் ரவுட்டரின் வேன் முகவரியைப் பாருங்கள். 100.64க்கும் 100.127க்கும் நடுவில் ஆரம்பித்தால், நிறுவனமே உங்களைப் பலரோடு ஒரே பொது முகவரியில் உட்கார வைத்திருக்கிறது என்று அர்த்தம். அது நம் கையில் இல்லை. பொது ஐபி தனியாகக் கேட்டு வாங்கலாம்.

தங்கை இப்போது அந்த இரண்டாவது கேமை ஆட ஆரம்பித்துவிட்டாள். அதற்குப் புது லைன்தான் நல்ல பாதை என்பது அவளுக்கும் தெரியும். ஒன்பது மணிக்கு அவள் புதியதில், நான் பழையதில். அப்பாவின் சீரியல் எந்தப் பக்கம் போனாலும் எஸ்கியூஎம் பார்த்துக்கொள்கிறது. போன வாரம் அவள் அறையிலிருந்து ஒரு சத்தம்: "அண்ணா, பிங் 300 காட்டுது, நீ என்ன டவுன்லோடு போட்ட?" நான் ஒன்றும் போடவில்லை. கருப்பு ஜன்னல் மூன்றைத் திறந்து வைத்துவிட்டு வந்திருக்கிறேன், பார்ப்போம்.